கேட்டில் நான் வாங்கி வைத்த போத்தல்

போன செவ்வாய்க்கிழமை மல்லிகா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக் குளியலறை வாளியில் போட்டாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தின் காரத்தையும் மீறிக்கொண்டு அந்த வாசனை வந்தது. கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அந்தப் புளிப்பு. மூக்குக்குள் ஊசி குத்துவதுபோல. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அதை நான் முகர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"என்னாடி இது வாசன?"

"ஆசிட்மா. நம்ம பேக்டரியில இன்னிக்கு ஒரு டிரம் கவுந்துருச்சி. ஒண்ணும் ஆவல லா, பயப்படாத."

மல்லிகா செனாவாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறாள். இருபது பெண்களுக்கு மேற்பார்வை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். மணி அடித்தார்களாம், எல்லாரும் வரிசையாக வெளியே போய்விட்டார்களாம், ரப்பர் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து வெள்ளைப் பொடியைக் கொட்டி மூடினார்களாம்.

"ஒரு மலாய்க்காரப் பொண்ணு கண்ணுல மட்டும் தெறிச்சிருச்சி. குழாய்கிட்ட நிக்க வெச்சி கால் மணி நேரம் தண்ணிய ஓட விட்டோம். அப்புறம் கிளினிக். நாளான்னிக்கி வேலைக்கு வந்துரும்."

கால் மணி நேரம் தண்ணீர். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம்தான் காரணம் என்று மல்லிகா நினைத்திருப்பாள்.

உனக்கு எழுத்து தெரியாது. கண் நன்றாக இருந்த காலத்திலேயே, போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உன் அண்ணன் போடும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். இப்போது நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அப்படியிருந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் பெயரை எழுதக் கை வரவில்லை. நமக்குள் பெயர் எங்கே இருந்தது? நான் உன்னை 'புள்ள' என்பேன். நீயும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். மனசு கசந்தால் மட்டும் 'செல்லம்மா' என்பாய்.

நம் ரப்பர் தோட்டம் பெரிய சாலையிலிருந்து உள்ளே மூன்று மைல், செம்மண் சடக்குப் பாதை. ஒரே வரிசையில் அடுத்தடுத்த வீடு நமக்கு. ஜப்பான்காரன் காலத்தில் நம் இருவர் புருஷன்மாரையும் ஒரே லாரியில் ஏற்றிச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது என் வயிற்றில் மல்லிகா, உன் இடுப்பில் பார்வதி. யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களை நாம் இருவரும் சடக்கு முனைக்குப் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். ஒரு மாதம் அப்படிப் போனோம். பிறகு ஒருநாள் நீ, "இன்னிக்கி நான் வரல புள்ள, துணி தொவைக்கணும்" என்றாய். நானும் போகவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை.

அப்புறம் கம்யூனிஸ்ட் கலவரம் வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள். தள்ளித் தள்ளி இருந்த லயன் வீடுகளை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் போட்டு, சுற்றிலும் இரட்டை முள்கம்பி அடித்தார்கள். போக வர ஒரே ஒரு கேட்டு. விடிந்தால் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் மூடுவார்கள். அரிசி, உப்பு, சீனி, மருந்து எதுவும் கம்பியைத் தாண்டி வெளியே போகக் கூடாது. காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடுமாம். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடுவார்கள். மத்தியானம் கம்பிக்குள் திரும்பின பிறகுதான் சோறு.

கேட்டில் சோதனை போட்டது ஆம்பிளைப் போலீஸ். பெண்களின் மடியிலும் கொண்டையிலும் கை வைத்தான். இரண்டு வாரம் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு போனோம். நீதான் ஒருநாள் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டு முடிகிற நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் போய், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் நின்றாய்.

"எங்க மேல கை வெக்கிறதுன்னா ஒரு பொம்பளைய வைங்கய்யா. இல்லாட்டி நாளையிலேருந்து ஒருத்தியும் கேட்டத் தாண்ட மாட்டோம்."

"பொம்பளைக்கு நான் எங்க போறது?" என்றார் கிராணி.

நீ திரும்பி என்னைக் கைகாட்டினாய். மலேரியாக் காய்ச்சலில் படுத்து எழுந்து, பால் வாளியைத் தூக்க முடியாமல் நான் தள்ளாடிக்கொண்டிருந்த சமயம். "இந்தா, இவ இருக்கா. ஆறாப்பு வரைக்கும் படிச்சவ. இவளப் போடுங்க."

அப்படித்தான் எனக்குக் கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு முக்காலி கிடைத்தது. உன்னால் கிடைத்தது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பறித்த பொருள்களை அதில் போட வேண்டும்.

அந்த வேலையில் உட்கார்ந்த பிறகு என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கூடப் பிறந்தவள்போல் பழகினவள்கூட என் கை பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீ மட்டும் கேட்டுக்கு வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாய். "மெதுவாடி, கூசுது" என்று சிரிப்பாய். பின்னால் நிற்கிறவர்களும் சிரித்துவிடுவார்கள். அதற்காகவே நீ அப்படிச் செய்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

உனக்குப் பால் ஸ்டோரில் வேலை. மரத்திலிருந்து வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, அளவாக ஆசிட் கலந்தால் கட்டியாக உறையும். அதை உருட்டித் தகடாக்கிப் புகை போட வேண்டும். ஆசிட் கலப்பது உன் பொறுப்பு. பெரிய கண்ணாடி ஜாடியில், மரச்சட்டத்துக்குள் வைக்கோல் சுற்றி வரும். தண்ணீர் கலக்காத ஆசிட் அது. ஒரு சொட்டுப் பட்டால் தோல் வெந்துபோகும்.

முன்பு அதே ஸ்டோரில் ஒருத்தனுக்குக் கை வெந்தபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னாராம்: "ஆசிட் பட்டா துணியால தொடைக்காதீங்க. ஓடவும் செய்யாதீங்க. தண்ணி. மேல மேல தண்ணி." அன்று கேட்டவர்கள் பத்துப் பேர். மனதில் வைத்துக்கொண்டது நீ ஒருத்திதான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு, பழரசப் போத்தல் ஒன்றில் ஊற்றித் தக்கையால் மூடித் தினமும் கொண்டுபோவாய். ஆசிட் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். உன்னோடு ஜாடி தூக்கும் வீரன் கேலி செய்வான்.

"தெனமும் யாருக்குப் புள்ள சாராயம் கொண்டாற?"

"ஒனக்குத்தான். கண்ணுல ஊத்தவா?"

ஸ்டோர் கம்பிக்கு வெளியே, ஓடைப்பக்கம் அரை மைல். ராத்திரியில் அங்கே எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் ஆசிட் ஜாடியும் ஆபீசுக்குப் பின்னால் பூட்டின அறையில்தான் இருக்கும். காலையில் மாட்டுவண்டியில், அனுமதிச் சீட்டோடு, கேட்டைத் தாண்டிப் போகும். உன் போத்தலும் உன்னோடு போகும், உன்னோடு திரும்பும். சட்டப்படி பார்த்தால் சோடா கலந்த தண்ணீர் மருந்துதான். நான் தினமும் அதைப் பார்ப்பேன், தினமும் விடுவேன்.

அந்த நாள் காலையில் கேட்டைத் திறக்கத் தாமதமாகிவிட்டது. ஓடைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாக லயத்தில் பேச்சு. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் போய் முக்காலியில் உட்கார்ந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் சார்ஜன் நின்றுகொண்டிருந்தான். புது ஆள். சிவந்த கழுத்து, இடுப்பில் துப்பாக்கி.

போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் என்னைப்போலக் கேட்டில் இருந்த பெண்ணைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் விட்ட பையில் அரிசி இருந்ததாம். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வீட்டில் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்தில் வந்துகொண்டே இருந்தார்கள்.

நீ வந்தாய். கையைத் தூக்கினாய். வலது கையில் போத்தல். நீ அதை ஒருநாளும் ஒளித்ததில்லை. நான் எட்டி அதைப் பிடித்தேன்.

"ஏய், என்னா?"

"இன்னிக்கி வேணாம் புள்ள. குடுத்துட்டுப் போ."

"தண்ணிடி. தெனம் கொண்டு போறதுதானே."

"தெரியும். பின்னால பாரு."

நீ அவனைப் பார்த்தாய். "அவன் ஒண்ணும் கேக்கலியே."

உண்மைதான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. சிகரெட்டைப் பற்றவைக்கக் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தான். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

"ஒரு நாள்தானே? ஸ்டோர்லதான் டாங்கி நெறைய தண்ணி இருக்கே. போ."

நீ விரல்களைத் தளர்த்தினாய். "சரி, செல்லம்மா" என்றாய்.

உனக்குப் பின்னாலேயே மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் சீட்டைக் காட்டினான். சார்ஜனே கையை அசைத்து வழிவிட்டான். ஆசிட் போனது. உன் தண்ணீர் என் பெட்டிக்குள் கிடந்தது.

ஸ்டோருக்குப் போன பிறகுதான் உங்களுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. காட்டிலிருந்து வந்தவர்கள் பம்பை உடைத்து, தண்ணீர் டாங்கியைக் கோடாலியால் பிளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தரையெல்லாம் சேறு. டாங்கியில் ஒரு குவளைத் தண்ணீர் இல்லை. ஓடைக்கரையில் போலீஸ் தடம் பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் கீழே இறங்கக் கூடாது என்றார்கள். வேலை வாங்கும் மண்டோர் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாளி வாங்கிவந்தார். அதுவும் பாலில் கலக்கத் தொட்டிக்குப் போய்விட்டது. வெட்டின பால் காத்திருக்குமா? நேரமானால் கெட்டுப்போகும். அதனால் வேலை நிற்கவில்லை.

மீதியை வீரன்தான் எனக்குச் சொன்னான். எத்தனையோ தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்துவான்.

நீயும் அவனும் ஜாடியைத் தூக்கி வந்தீர்கள். சேற்றில் அவன் கால் வழுக்கியது. ஜாடியின் கழுத்து சிமிண்டு விளிம்பில் மோதி உடைந்தது. ஆசிட் உன் முகத்தில் அடித்தது, மீதி தரையில் ஓடியது. புகைபோல நெடி கிளம்பி எல்லாருக்கும் மூச்சு முட்டியது. பெண்கள் அலறிக்கொண்டு உன்னை நோக்கி ஓடிவந்தார்கள்.

"அது கண்ண மூடிக்கிட்டே கத்துது புள்ள" என்றான் வீரன். "'கிட்ட வராதீங்க, மிதிச்சிராதீங்க, ஓடப்பக்கக் கதவு வழியா வெளிய போங்க, காத்து அங்கேருந்துதான் வருது'ன்னு சொல்லுது. 'புகைக் கொட்டகையில சாம்பல் கெடக்கு, அள்ளிக் கொட்டுங்க, வாய்க்கால்ல எறங்க விடாதீங்க, கீழ மாடு தண்ணி குடிக்கும்'னு சொல்லுது. அம்புட்டையும் சொல்லிட்டுத்தான், 'எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு கேட்டுச்சி."

சாம்பலை அள்ளிக் கொட்டினார்களாம். அது பொங்கி நுரைத்து அடங்கியதாம். ஒருத்தருக்கும் வேறு காயம் இல்லை. வாய்க்காலில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மல்லிகாவின் தொழிற்சாலையில் மணியும் ரப்பர் சட்டையும் வெள்ளைப் பொடியும் செய்ததை நீ கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டாய். தண்ணீர் மட்டும் இல்லை.

வீரன் ஆணியைப் பார்த்திருக்கிறான். போத்தல் இல்லை. டாங்கியைப் பார்த்திருக்கிறான். ஓடைக்கு ஓடினவனைக் கரையில் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்தவன் கண்ணில் பட்ட ஒரே ஈரம், ஆசிட் கலக்காமல் ஒரு வாளியில் மிச்சமிருந்த மரத்துப் பால். பதற்றத்தில் அதைத் தூக்கி உன் முகத்தில் ஊற்றிவிட்டான்.

ஆசிட்டில் பால் பட்டால் என்ன ஆகும் என்று நம் தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை. உன் கண்ணின் மேலேயே அது உறைந்தது. இந்த இடத்தில்தான் வீரன் பேச்சை நிறுத்திவிடுவான்.

ஜாடியைக் கொண்டுபோன அதே மாட்டுவண்டியில் உன்னைக் கொண்டுவந்தார்கள். தூரத்தில் வரும்போதே எனக்கு அந்த நெடி வந்தது. கேட்டில் நிறுத்தினார்கள். உள்ளே வரும் வண்டியையும் சோதிக்க வேண்டுமாம். நீ வண்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தாய். முகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. துணி என்று நினைத்தேன்.

"கேட்டு வந்துருச்சா?" என்று கேட்டாய். "அவ இருக்காளா?"

"இருக்கேன் புள்ள."

"அந்தப் போத்தல்ல தண்ணி இருக்காடி?"

இருந்தது. பெட்டியில், காலையிலிருந்து, நான் வைத்த இடத்திலேயே இருந்தது. தக்கை என் கைக்கு வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். ஒரு கையால் அந்த வெள்ளையைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் ஊற்றினேன். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். போத்தல் முழுவதும் ஊற்றித் தீர்ந்த பிறகும், "ஊத்து, ஊத்து" என்றாய். நான் வெறும் போத்தலைச் சாய்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் யாரோ லயத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்தார்கள்.

டிரெஸ்ஸர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார். காவல் வண்டி துணைக்கு வராமல் லாரி சடக்கில் போகக் கூடாது. அது வருவதற்குச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை பார்வதி உன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவே இல்லை. விசிறியை நிறுத்தினால் உனக்கு வலிக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

நீ திரும்பி வந்தபோது இடது கண் இருந்த இடத்தில் தழும்பு. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றாய். வந்த மூன்றாம் நாள் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் துரை, பக்கத்தில் அந்தச் சார்ஜன், நின்றபடி மொழிபெயர்க்கக் கிராணி. வீரன் முதலில் சொன்னான். கால் வழுக்கியதையும் பால் ஊற்றியதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "என்னைய என்ன வேணும்னாலும் செய்யிங்க தொர" என்று அழுதான். நீ எப்போதும் ஒரு போத்தல் வைத்திருப்பாய் என்றும், அன்று அது இல்லை என்றும் அவன்தான் சொன்னான்.

கிராணி உன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி ஏன் கொண்டு போகல?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"மறந்துட்டேங்க. அடுப்பங்கரையிலயே வெச்சிட்டு வந்துட்டேன். கேட்டுல வண்டி நின்னப்ப எம் மகதான் ஓடியாந்து குடுத்துச்சி."

கிராணி எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "கேட்டுல அன்னிக்கி இவகிட்ட ஒண்ணும் இல்லதானே?"

நான் தலையை ஆட்டினேன். வெறும் தலைதான். கிராணி அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் வாசலில் நின்றதுமே நான்தான் என்று தெரிந்துகொண்டாய்.

"ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?"

"பின்ன என்னா சொல்லச் சொல்ற? ஒன்னைய போலீஸ் வண்டியில ஏத்துனா மல்லிகாவ யாரு பாக்குறது? நானா? எனக்குப் பார்வதியவே பாக்க முடியாது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாய். தழும்பு இழுத்தது, சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு கையை நீட்டித் தடவி என் வாயைப் பொத்தினாய். "இத யாருகிட்டயும் சொல்லாத. எப்பவும் சொல்லாத. எம் பொண்ணுகிட்டயும்."

உன் கவனக்குறைவு என்றுதான் முடிவு எழுதினார்கள். வேலை செய்ய முடியாதவளுக்குக் கம்பிக்குள் வீடு கிடையாது. அந்த மாதக் கடைசியில் உன் அண்ணன் வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், பார்வதி. கேட்டுக்கு வந்தீர்கள். வெளியே போகிற யாராக இருந்தாலும் சோதிக்காமல் விடக் கூடாது. காவலுக்கு நின்ற போலீஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாய். நான் உன்னைத் தொட்டேன். கொண்டை, தோள், இடுப்பு, மடி. ஒரு மாதத்தில் நீ பாதியாக இளைத்திருந்தாய், விலா எலும்பு கையில் தட்டியது. உன் தோளில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வைக்கவில்லை.

"முடிஞ்சிச்சா?" என்றாய்.

"முடிஞ்சிச்சி."

அதுதான் நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது. பார்வதி உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சடக்கு வளைவில் மரங்கள் மறைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பவில்லை. திரும்பி என்ன செய்வாய்?

கலவரம் முடிந்தது. கம்பியைப் பிரித்தார்கள். தோட்டத்தையே துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் ராசா என்ற ஊருக்கு வந்தோம். உன் இடத்துக்கும் என் இடத்துக்கும் இருபது மைல். பஸ் இருக்கிறது. கலவரம் முடியும் வரை ஊரடங்கு, அனுமதிச் சீட்டு என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு சாக்கும் இல்லை. ஒரே ஒரு தடவை புறப்பட்டு வந்தேன். போர்டிக்சன் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு தேத்தண்ணீர் வாங்கி, உன் தோட்டத்துக்குப் போகும் பஸ் இரண்டு வந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். வீரன் சாகும் வரை வருஷத்துக்கு ஒரு தடவை உன்னை வந்து பார்த்தான். நீ ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டுவதாகவும், அழுகையை வைத்தே எந்தப் பிள்ளை என்று சொல்லிவிடுவாய் என்றும் அவன் வந்து சொல்லுவான். என்னை விசாரித்தாயா என்று நான் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

நீ போன செய்தியை அவன் மகன்தான் ராசா மார்க்கெட்டில் வைத்துச் சொன்னான். பதினாறாம் நாள் வந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட உன் படத்துக்கு மாலை. பின்வரிசையில் உட்கார்ந்தேன். பார்வதி வந்து என் கையைப் பிடித்து, "நம்ம பழைய தோட்டத்து ஆளுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மல்லிகா சொன்ன அந்தக் கால் மணி நேரத்தைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். உன் பேச்சை மீறித்தான் போனேன். பார்வதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜன், சிகரெட், போத்தல், மரப்பெட்டி, ஆபீசில் நான் தலையாட்டியது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் என் முழங்காலில் கை வைத்தாள்.

"இல்லம்மா. நீங்க ஏதோ கொழப்பிக்கிறீங்க. அம்மா மறந்துட்டுதான் போயிருக்காங்க. அவங்களே எத்தன தடவ சொல்லியிருக்காங்க."

"இல்லம்மா, நான்தான் வாங்கி வெச்சேன்."

"எம் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு எதையாச்சும் வெச்சிட்டுப் போனா அம்மா விடவே மாட்டாங்க. 'என் மறதிதான் என் கண்ணத் தின்னுச்சி, நீங்களும் அப்பிடி இருக்காதீங்க'ன்னு. ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூட நர்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க. அதோட, வண்டி வந்தப்ப போத்தல வீட்டுலேருந்து நான்தானே ஓடியாந்து குடுத்தேன்? அப்பிடித்தான் அம்மா சொல்லுவாங்க. எனக்கே லேசா ஞாபகம் இருக்கு."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவளுக்கு ஒரு ஞாபகத்தையே செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அவள் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். வயதான காலத்தில் தனியாக அலைய வேண்டாம் என்றாள். மல்லிகாவின் தொலைபேசி எண்ணை வாங்கி எழுதிக்கொண்டாள். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். உன்னோடு நடந்து பழகின நடை அது. பள்ளம் வரும்போது ஒரு நொடி முன்னதாகவே என் கையை லேசாக அழுத்தினாள்.

வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நான் அந்த உண்மையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மல்லிகாவிடம் சொல்லலாம். சொன்னால், அவளுக்காகத்தான் இதெல்லாம் நடந்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவளுக்கு அது வேண்டாம். ஆகவே இது என்னோடுதான் இருக்கும், நான் இருக்கும் வரைக்கும்.

ஆனால் ஒருத்தராவது ஒரு தடவையாவது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உன் மகள் நம்பவில்லை. உன் பேரப்பிள்ளைகளுக்கு நீ மறதிக்காரப் பாட்டி. ஆபீஸ் தாளில் நீ கவனக்குறைவானவள். அத்தனை பேருக்கும் அப்படியே இருக்கட்டும் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். எனக்கு மட்டும் தெரியும். அன்று காலையில் நீ போத்தலைக் கழுவினாய், தண்ணீரை ஊற்றினாய், சோடாவைப் போட்டாய், தக்கையை அழுத்தி மூடினாய், கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாய்.

நீ மறக்கவில்லை, புள்ள. நீ எதையும் மறக்கவில்லை.